ஐந்தாவது தந்திக்கு எட்டு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கதவால் கிடைத்தது. வில்பட்டி போகும் வழியில் நான் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டுக் கதவு ஈரத்தில் ஊதிப்போய், சாத்தினால் திறக்க மாட்டேன், திறந்தால் சாத்த மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, இழைத்துத் தரச் சொல்லி ஞானவேலின் தச்சுப்பட்டறைக்குப் போனேன். கொடைக்கானலுக்கு நான் எழுத வந்தது வேறொரு நாவல். அது என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

பட்டறையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். படுக்கை விரிப்பில் சுற்றிக் கொண்டுவந்த நீளமான பொருளை மேசையில் வைத்துப் பிரித்தாள். ஐந்து தந்தி மின்சார பேஸ் கிட்டார்.

"அண்ணே, இந்த பிரிட்ஜைக் கழத்தி எட்டு மில்லி பின்னால தள்ளிப் போடணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேணும்."

ஞானவேல் கிட்டாரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகிக்கொண்டார்.

"இதை முன்னால தள்ளிப் போட்டதே நான்தானம்மா," என்றார்.

அவ்வளவுதான், கதவை நான் மறந்தே போனேன்.

(கிட்டாரின் வயிற்றுப் பக்கம் தந்திகள் வந்து முடிகிற இரும்புத் தகட்டுக்குப் பெயர் பிரிட்ஜ். "பாலம்" என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.)

2

ஆக்ஸிலியா என்பது அவள் பெயர். கதையாக எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எழுத எழுத வாசித்துக் காட்ட வேண்டும், அவள் வெட்டச் சொன்னதை வெட்ட வேண்டும். பதிப்பாசிரியர்கள்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. சரி என்றேன்.

முதல் தொடக்கம்: "மூடுபனி மெல்ல இறங்கி ஏரியின் மேல்..."

இதை நானே அடித்துவிட்டேன். கொடைக்கானல் என்றாலே மூடுபனியில் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

இரண்டாவது தொடக்கம்: "கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் ஆக்ஸிலியா கோவிலுக்குப் பின்னால் போய் அழுதாள்."

"நான் எங்கக்கா அழுதேன்?"

"அழுகை வரலையா?"

"கோவம்தான் வந்துச்சு. கோவத்தை எழுதுங்க. அழுகைன்னா எல்லாரும் பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

மூன்றாவது தொடக்கத்துக்கு அவள் தலையாட்டினாள். அது அடுத்த எண்ணில் இருக்கிறது.

3

ஆக்ஸிலியா ஒரு விடுதிப் பள்ளியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். முந்நூறு பிள்ளைகளின் துணி, மூன்று பெரிய இயந்திரங்கள். அடுத்த அறையில் போர்வை மடித்துக்கொண்டே, "ரெண்டாவது மெஷின்ல பெல்ட் தேயுது" என்பாள். ஆள் வந்து கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவள் காதைப் பற்றி இனி நிறையப் பேச்சு வரப்போகிறது.)

விடுதியில் பிள்ளைகள் விட்டுப்போகிற சாமான் எல்லாம் சலவைக்கூடத்து மூலையில்தான் வந்து சேரும். ஸ்வெட்டர், ஒற்றைக் காலுறை, பல்லுக்குப் போடுகிற கம்பி. அப்படித்தான் இந்த பேஸ் கிட்டாரும் வந்தது. பிளஸ் டூ முடித்துப் போன எவனோ ஒருவனுடையது. இரண்டு வருடம் யாரும் கேட்டு வரவில்லை. "நீயே எடுத்துக்கம்மா, எடத்தை அடைக்குது" என்றார் வார்டன்.

கோவில் பாடகர் குழுவில் ஆக்ஸிலியா பன்னிரண்டு வயதிலிருந்து, மெட்டுக்கு ஒத்திசைந்து வரும் இரண்டாம் குரல் பாடி வந்தவள். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நேரே அங்கே போனாள். எல்லோருக்கும் சந்தோஷம். மாதா சபைத் தலைவி கித்தேரியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கும் வரைக்கும்தான்.

"ஆத்தாடி! பீடத்துக்கு முன்னால பேயைக் கொண்டாந்து நிறுத்தப் போறீங்களா?"

பிரிட்ஜுக்குச் சற்று முன்னால், மரத்தில், சூட்டுக்கம்பியால் ஒரு மண்டையோடு பொறித்திருந்தான் கிட்டாரை விட்டுப்போன அந்தப் புண்ணியவான். சுண்டுவிரல் நகமளவுதான். இரண்டு கண், ஒரு வரிசைப் பல். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மரத்தில் குழி அடைக்கிற மக்கு வைத்துப் பார்த்தார்கள். பழுப்பு மரத்தில் வெள்ளை மக்கு கோடு கோடாக இறங்க, மண்டையோடு கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்தது. சுரண்டி எடுத்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார்கள். கோவில் கடையில் இருந்தது மாதா படமும் அந்தோணியார் படமும். "மாதாவைக் கொண்டுபோய் மண்டையோட்டு மேல ஒட்டுவீங்களோ?" என்று கித்தேரியம்மாள் கேட்டதும் அந்தப் பேச்சு அடங்கியது. கறுப்பு டேப் ஒட்டினார்கள். இந்த ஊர் ஈரத்தில் டேப் தாங்குமா? பூசை நடுவில் பாதி உரிந்து, ஒற்றைக் கண் எட்டிப் பார்த்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துத் தொலைத்தார்கள்.

கடைசியில் பாடகர் குழுவை நடத்துகிற ஸ்டீவன், "நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வாரம் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மண்டையோடு இல்லை. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பேய் போனதே போதும் என்று விட்டுவிட்டார்கள். இது நடந்து ஆறு வருடம்.

4

இனி கோபம்.

ஆக்ஸிலியா போனில் வீடியோ பார்த்துப் பார்த்து பேஸ் வாசிக்கப் பழகினாள். நான்கு தந்திகள் சொன்ன பேச்சைக் கேட்டன. மிகத் தடித்த ஐந்தாவது தந்தி மட்டும் சண்டைக்கு நின்றது. வெறுமே மீட்டினால் சரியாக இருக்கும். கிட்டாரின் கழுத்தில் விரல் மேலே ஏற ஏற சுருதியும் தானாகக் கூடிக்கொண்டே போகும்.

"சார், அஞ்சாவது தந்தி ஒத்து வர மாட்டேங்குது."

"தந்தி நல்லாத்தான் இருக்கு. ஒன் காதுதான் சரியில்ல," என்றார் ஸ்டீவன்.

அவர் வன்மமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முதல் வருடம் அது வேடிக்கைப் பேச்சு. இரண்டாம் வருடம் பழகிப்போனது. மூன்றாம் வருடம் எல்லோரும் சொன்னார்கள், நான்காம் வருடம் ஆக்ஸிலியாவே சொன்னாள். "எனக்குக் காது பத்தாதுங்க" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்குவாள். இரண்டாம் குரல் பாடுவதையும் நிறுத்திவிட்டாள். காது கெட்டவள் பாடி என்னத்துக்கு?

போன கிறிஸ்துமஸ் காலைப் பூசையில், பாட்டு முடியும்போது ஐந்தாவது தந்தியில் கழுத்தின் நடுவரை ஏறி ஒரே சுரத்தில் நின்று பிடிக்க வேண்டும். ஸ்டீவனின் கீபோர்டும் அதே சுரத்தில் நிற்கும். இரண்டும் நின்றன, தனித்தனியாக. கோவிலே திரும்பிப் பார்த்தது. கித்தேரியம்மாள் செபமாலையை மடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மே மாசத் திருவிழாவுக்குப் புது கீபோர்டு வருது," என்றார் ஸ்டீவன், வெளியே வந்ததும். "அதுலயே பேஸும் வரும். நீ கீழ உக்காந்து நிம்மதியாப் பூசை பாரேன் ஆக்ஸிலியா."

"திருவிழாப் பாட்டுல அந்தத் தந்தி சரியா நிக்கலைன்னா நானே எறங்கிக்கிறேன் சார். அதுவரைக்கும் எறக்காதீங்க."

இதை எழுதி வாசித்துக் காட்டியபோது, "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்" என்றாள். சரி, சத்தமாகவே சொன்னாள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டாள். சோதனை எளியது. தந்தியை வெறுமே மீட்டினால் ஒரு சுரம், தந்தியின் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும். கூடுதலாக வந்தால் தந்தியின் நீளம் போதவில்லை என்று பொருள். சாப்பாட்டு வேளையில் சலவைக்கூடத்தில் உட்கார்ந்து மீட்டினாள். "கூட இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனைப் பார்த்தாள். திரையில் ஆடும் முள்ளும் கூடுதல் என்றது. தந்தியை முறுக்கி, தளர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மீட்டினாள். "கொஞ்சம் கம்மி." முள் கம்மி என்றது. இருபது தடவை பார்த்தாள். இருபதிலும் முள்ளுக்கு முன்னால் இவள் சொல்லிவிட்டாள்.

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தையல் டேப்பை எடுத்து, பிரிட்ஜ் எங்கே இருக்க வேண்டும் என்று அளந்தாள். எட்டு மில்லிமீட்டர் குறைந்தது. பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காருகிற சிறு துண்டு ஒன்று உண்டு. அதைத் திருகாணியால் பின்னுக்கு நகர்த்தலாம். மற்ற நான்கும் அப்படிப் பின்னுக்குப் போய் ஒருவழியாகச் சமாளித்திருந்தன. ஐந்தாவதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக நீளம் வேண்டும். அதன் திருகாணி முடியும் மட்டும் முடிந்திருந்தது, இனி நகர இடமே இல்லை.

கம்பெனிக்காரன் செய்த கோளாறு என்றுதான் அவள் நினைத்தாள்.*

(* முதல் வரைவில் பிரிட்ஜை நான் கழுத்துப் பக்கமாக நகர்த்தித் தொலைத்திருந்தேன். "அக்கா, நீங்க எழுதின மாதிரி செஞ்சா இன்னும் மோசமாப் போயிரும்." இந்தக் கதையில் கருவி பற்றி ஏதாவது சரியாக இருந்தால் அது அவளுடையது.)

5

ஸ்டீவனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன். பிரிட்ஜை நகர்த்தியது அவர், பழி போட்டது அவள் காதின் மேல். இதைவிடச் சுலபமான வில்லன் எனக்கு அமைய மாட்டார். மெல்லிய மீசை ஒன்றும் வைத்துவிட்டேன்.

"சாருக்கு மீசையே கெடையாது," என்றாள் ஆக்ஸிலியா. "எனக்குப் பள்ளிக்கூடத்துல வேலை வாங்கிக் குடுத்ததே அவருதான். அவருக்குத் தெரியலக்கா, அவ்வளவுதான்."

"தெரியாமலா?"

"அவரு கீபோர்டுக்காரரு. கீபோர்டை எங்க தூக்கி வெச்சாலும் சுருதி மாறாதே."

மீசையை எடுத்துவிட்டேன். வில்லன் இல்லாமல் கதையை எப்படி நகர்த்துவது என்று அரை மணி நேரம் யோசித்தேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வில்லன் இல்லை, ஸ்க்ரூ டிரைவர்.

6

மறுபடி அதே பட்டறை, அதே வெள்ளிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவுக்கு இடையில் இருப்பது ஒரே ஒரு நாள்.

"ஸ்டீவன் சாருதான் கொண்டாந்தாரு," என்றார் ஞானவேல். "'இந்த இரும்பைக் கொஞ்சம் முன்னால ஏத்திப் போடு ஞானவேலு, பேய் மறையணும்'னாரு. நானும் பேய் மறையிற அளவுக்கு ஏத்திப் போட்டேன். அந்த எடத்துலதான் பாட்டு இருக்குன்னு எனக்கு என்னம்மா தெரியும்?"

ஆக்ஸிலியா பிரிட்ஜை விரலால் தடவினாள்.

"ஆறு வருஷம்ணே."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. அந்த ஸ்க்ரூ டிரைவரை இங்க குடுங்க."

தந்திகளைத் தளர்த்தி ஒவ்வொன்றாக உருவினாள். ஐந்து திருகாணிகளையும் அவளே கழற்றினாள். தகட்டைத் தூக்கியபோது அடியில் மெல்லிய ஒயர் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. "அதை அத்துறாதீங்கண்ணே, அப்புறம் உய்யினு எரையும்," என்று ஒதுக்கிப் பிடித்தாள். ஆறு வருடத் தூசியை ஊதினாள். மண்டையோடு அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தோம்.

அதற்குப் பின்னால், வரிசையாக, ஐந்து வெள்ளைப் புள்ளிகள். ஆக்ஸிலியா ஒன்றை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"மெழுகு. பூசை மெழுகுவத்தி."

"பழைய ஓட்டையை அடைக்கணுமே," என்றார் ஞானவேல். "கையில மக்கு இல்லைன்னேன். சாரே பையிலேர்ந்து துண்டு மெழுகுவத்தியை எடுத்துக் குடுத்தாரு."

அவள் அடிக்கோலை வைத்து அளந்தாள். புள்ளிகளுக்கும் இப்போதைய ஓட்டைகளுக்கும் இடையே சரியாக எட்டு மில்லிமீட்டர். அவள் காது கேட்டது, முள் காட்டியது, டேப் அளந்தது எல்லாம் ஒன்றுதான் என்று அந்த ஐந்து சொட்டு மெழுகும் சாட்சி சொல்லிக் கிடந்தன. ஆக்ஸிலியா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, மேசையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இழைப்புளி குதித்தது.

"மெழுகைச் சுரண்டுங்கண்ணே. எல்லா ஓட்டையிலயும் தேக்குக் குச்சி எறக்கிப் பசை போட்டுருவோம். நாளைக்குக் காலைல புதுசாத் தொளை போட்டு முறுக்கணும்."

"பின்னால தள்ளினா பேய் தெரியுமேம்மா?"

"தெரியட்டும்."

என் கதவு சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தது. அதை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

7

அன்று சாயங்காலம் பசை காய்ந்துகொண்டிருந்தபோது, சலவைக்கூடத்து வாசலில் உட்கார்ந்து அவளுக்கு மூன்று முடிவுகள் வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: காலையில் துளையிடும்போது மரம் பிளந்துவிடுகிறது. அவள் பிளந்த கிட்டாருடன்...

"ஏன்க்கா, நல்லபடியா வந்தா ஒங்களுக்குக் கதை ஆகாதா?"

அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு பற்றி எனக்குப் பெருமை அதிகம். மத்தியானம் கோவிலுக்குப் போய்ப் பீடத்துக்கு மேலே தொங்கும் பழைய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஆண்டவரின் காலடியில், சிலுவை மரத்தில், சின்னதாக ஒரு மண்டையோடு செதுக்கியிருக்கிறது! இத்தனை காலமும் அதைப் பார்த்துத்தான் இவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆக, திருவிழாவன்று ஆக்ஸிலியா மெல்ல நிமிர்ந்து, விரல் நீட்டி...

"அது எங்க எல்லாருக்கும் தெரியும்க்கா. சின்னப்புள்ளைலேர்ந்து பாக்குறோம்."

"அப்புறம் என்ன?"

"சாமி காலடியில கெடக்குறது வேற. என் வயித்துக்கு நேரா பல்லைக் காட்டிக்கிட்டு இருக்குறது வேற. கித்தேரியம்மா விட்டுருவாங்களா? நீங்க ரொம்ப யோசிச்சு எழுதியிருக்கீங்க, நல்லாத் தெரியுது."

அவள் இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாம் முடிவில் ஸ்டீவன் மைக்கைப் பிடித்துச் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கிறார். அவள் கடைசி வரைக்கும் கேட்கக்கூட இல்லை. "சார் அப்படிப் பேச ஆரம்பிச்சா நான்தான் மொத ஆளா ஓடிருவேன்" என்று எழுந்து துணி எடுக்கப் போனாள்.

எனக்கு எரிச்சல். "பின்ன என்னதான் எழுதணும்?"

"என் காதுல கோளாறு இல்லைன்னு எழுதுங்க. மத்தது எப்படி வேணாலும் போகட்டும்."

8

சனிக்கிழமை மூன்று மணி. கோவிலில் ஆக்ஸிலியா, ஸ்டீவன், நான் என மூன்று பேர்தான். கித்தேரியம்மாள் வெளியே தோரணம் கட்டுகிற ஆட்களை ஏசிக்கொண்டிருந்தாள்.

மரம் பிளக்கவில்லை. பிரிட்ஜ் தன் பழைய இடத்தில், புதுத் தேக்கில், இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஸ்டீவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது மண்டையோடுதான்.

"ஆக்ஸிலியா! நாளைக்குப் பூசை வைக்க ஆயர் வர்றாரும்மா."

"மொதல்ல கேளுங்க சார்."

அவள் ஐந்தாவது தந்தியை வெறுமே மீட்டினாள். அதன் அதிர்வு என் செருப்பு வழியாகக் காலில் ஏறியது. பிறகு விரலைக் கழுத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்தாள், ஆனால் மீட்டவில்லை. மூச்சை இழுத்து வாயைத் திறந்து அந்தச் சுரத்தைப் பாடினாள்.

வருடக்கணக்காகப் பாடாத குரல். முதலில் கரகரத்தது, பிறகு நின்றது. அது நின்ற பிறகுதான் தந்தியை மீட்டினாள். குரலும் தந்தியும் ஒன்றாக இருந்தன. ஸ்டீவனின் விரல் தானாகப் போய்க் கீபோர்டில் அதே சுரத்தை அழுத்தியது. மூன்றும் ஒன்று. எது எவருடையது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

(இந்த இடத்தில் நான் அழுதேன். அவள் அழவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.)

ஸ்டீவன் கையை எடுத்துக்கொண்டார். 

"மெழுகுவத்தி நான்தான் குடுத்தேன்."

"தெரியும் சார்."

"இரும்புத் தகடுதானே, நகத்துனா என்ன ஆயிரப்போகுதுன்னு நெனச்சேன். ஆறு வருஷமா ஒன் காதைச் சொல்லிட்டேனே."

"ஆமா சார். சொன்னீங்க."

("பரவாயில்ல சார்" என்று நான் எழுதியிருந்தேன். "அதை நான் சொல்லவே இல்ல, வெட்டுங்க" என்றாள். வெட்டிவிட்டேன்.)

ஸ்டீவன் ஒயர்ப் பெட்டியைத் திறந்து கறுப்பு டேப்பை எடுத்தார். பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்தார். கட்டைவிரல் அகலம் இருக்கும். அதை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஒரே ஒரு நாளைக்குத்தானேம்மா. பூசை முடிஞ்சதும் எடுத்துரலாம்."

ஆக்ஸிலியா கிட்டாரைக் கழற்றி, ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தினாள். படுக்கை விரிப்பை நான்காக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எனக்குச் சோலி கெடக்கு சார். பீடத் துணியெல்லாம் இன்னும் காயப்போடல. ஒட்டுறதா இருந்தா ஒட்டிக்கங்க. பிரிட்ஜ்ல மட்டும் இனிமே யாரும் கை வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். வாசலைத் தாண்டும்போது அவள் பாடிக்கொண்டே போனாள், இரண்டாம் குரல்.

9

நாளைக்கு ஞாயிறு. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம்தான். நான் போகப்போவதில்லை. ஞானவேல் ஒருவழியாகக் கதவை இழைத்துக் கொண்டுவந்திருக்கிறார், நாளைக் காலையில் மாட்ட வேண்டும். இது சாக்கு என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த வரியை எழுதும்போது கோவிலில் ஸ்டீவன் இன்னும் விரல் நுனியில் டேப்போடு நிற்கிறார். அதை அவரிடமிருந்து வாங்கி உங்கள் கையில் தருகிறேன். ஒட்டுங்கள், அல்லது சுருட்டிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டினால் இந்த ஈரத்துக்கு அது பாட்டு முடியும் வரை தாங்குமா என்பதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆயர் என்ன சொல்வார், கித்தேரியம்மாள் எந்தப் பக்கம் திரும்புவாள் எல்லாம் உங்கள் பொறுப்பு. எதை மாற்றினாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

ஒரு வரியை மட்டும் ஆக்ஸிலியா என்னிடம் எழுதச் சொன்னாள். அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆக்ஸிலியாவின் காதில் எந்தக் கோளாறும் இல்லை.